அன்னப்பூரணி நடந்த கோடு

விளாத்திக்குடாவில் எழுபத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. காணிக்கு உறுதிப் பத்திரம் ஒன்றுகூட இருக்கவில்லை. மாங்கேணியில் பஸ்ஸால் இறங்கி, கடல்நீர் உள்ளே வந்து நிற்கிற களப்பின் கரையோடு மேற்கே போனால் வருகிற குடியிருப்பு அது. கடலோர வேடர் என்று இவர்களைப் பற்றிப் புத்தகங்களில் எழுதுவார்கள். புத்தகம் எழுதுகிறவர்கள் உறுதி எழுதிக் கொடுப்பதில்லை. பேசுவது தமிழ், கும்பிடுவது மரத்தடியில், சீவியம் பாதி களப்பில் மீனோடும் இறாலோடும், மீதி காட்டில் தேனோடும் கிழங்கோடும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான். ஆதாரம் கேட்டால் காட்டுவதற்கு அவர்களிடம் கால் பழகிய வழிகள் மட்டுமே இருந்தன.

மரமுந்திரிகைத் தோட்டம் போட அந்தக் காட்டை ஒரு கம்பனி நீண்ட குத்தகைக்குக் கேட்கிறது என்று கதை வந்தபோது ஊர் சிரித்தது. யானை நிற்கிற காட்டில் முந்திரிகையா என்று கேட்டது. பிறகு ஒருநாள் காடு தள்ளுகிற டோசர் ஒன்று வந்து றோட்டோரத்தில் நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. ஊர்ச் சங்கத்தின் செயலாளர் உதயரூபன், அந்தக் குடியிருப்பிலிருந்து உயர்தரப் பரீட்சை சித்தியடைந்த முதல் ஆள், அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினான். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: உங்கள் காணி என்றால் எல்லை எங்கே, வரைபடம் எங்கே? வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். விளாத்திக்குடாவில் ஓணானுக்குக் குறைவில்லை, வேலிதான் இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் றிஸ்னா வந்தாள். ஓட்டமாவடிப் பெண், பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றில் வேலை. தலையில் முக்காடு, முதுகில் பெரிய பை, காலில் ஆண்கள் போடுகிற சப்பாத்து. பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த முதல் கூட்டத்திலேயே அவள் உள்ளங்கையளவு ஜீபீஎஸ் மிசின் ஒன்றைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்:

"படத்த நான் கீறப்போறதில்ல. நீங்கதான் கீறப்போறீங்க. நீங்க நடக்கிற வழிய இந்த மிசின் பிடிச்சு வெச்சுக்கும். நீங்க நடந்ததுதான் கோடு. அதில ஒரு புள்ளி நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்."

ஊருக்கு அந்தப் பேச்சுப் பிடித்துப் போனது. அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் ஊரைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனவர்கள். இவள் மண்டபத்து நிலத்தில் மணலைக் கொட்டி, "இதுதான் களப்பு எண்டா உங்கட வீடு எங்க?" என்று கேட்டாள். ஆட்கள் மணலில் கோடு இழுத்தார்கள், அழித்தார்கள், தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். சடங்குக்குப் பந்தல் போடுகிற திடல், தேன்மரம் நிற்கிற பக்கம், கோடையிலும் தண்ணீர் வற்றாத மோட்டை, எல்லாம் மணலிலிருந்து கடதாசிக்கு ஏறின. கடைசியாக மிஞ்சியது எல்லை. எல்லையை நடந்துதான் எடுக்கவேண்டும். மிசினை யார் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பது என்று கேட்டபோது, அன்னப்பூரணி என்று நாலு திசையிலிருந்தும் சொன்னார்கள்.

அன்னப்பூரணிக்கு நாற்பத்தாறு வயது. கிழங்குக்குப் போகிற பெண்களில் எப்போதும் முன்னால் போகிறவள். காட்டில் வழி தவறியவள் என்று அவளைப் பற்றி அவளுக்கு ஆகாதவர்கள்கூடச் சொன்னதில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். றிஸ்னா மிசினின் வாரைக் கழுத்தில் மாட்டிவிட்டபோது, புருசன் இளையதம்பியைத் திரும்பிப் பார்த்து, "இஞ்சருங்க, ரெண்டாந் தாலிக்கொடியும் ஏறிட்டுது. இதுக்கும் சீதனம் கேட்டுராதீங்க" என்றாள். மண்டபம் சிரித்தது. இளையதம்பி சிரிக்கிற ஆள் இல்லை. அவனும் வாயைக் கோணிக்கொண்டு வெளியே போனான்.

இனி விளாத்திக்குடாவின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

காட்டில் ஒருவர் செத்து, செத்த இடத்திலேயே புதைக்க நேர்ந்தால், அந்த இடத்தை அவர்கள் பிறகு மிதிப்பதில்லை. வழி அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே இலையோடு ஒரு பச்சைக் குழை முறித்து வைத்துவிட்டு, ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போவார்கள். சுற்றி முடியும் வரைக்கும் பேச்சில்லை. திரும்பிப் பார்ப்பதும் இல்லை. படுத்திருக்கிறவரின் பெயரை அதற்குப் பிறகு யாரும் வாயால் சொல்வதில்லை. கல் நடுவதில்லை, விளக்கு வைப்பதில்லை. வழி வளைவதுதான் அடையாளம். ஒற்றையடிப் பாதை காரணமில்லாமல் வளைந்து போனால் ஊரில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும், உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று. சுற்றிப் போகிற வரைக்கும் அவர் அங்கேதான் இருப்பார், நம்மோடு இருப்பார். மிதித்தால் எழும்பிப் போய்விடுவார். போனால் எங்கே போவார் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் காட்டில் அப்படி ஆறு வளைவுகள் இருந்தன. அவற்றில் ஐந்து, காணியின் நடுவில் இருந்தன. ஆறாவது இரட்டைக்கல்லுக்கும் பழைய குளக்கட்டுக்கும் இடையில், எல்லையின் கடைசி ஓரத்தில் இருந்தது. அது அன்னப்பூரணியின் பிள்ளை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாரியில், யுத்தத்தின் செல்லடிக்குப் பயந்து ஊர் முழுவதும் காட்டுக்குள் கிடந்தது. நாலு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்தில்லை, வைத்தியசாலைக்குப் போக வழியில்லை, சுடுதண்ணீர் வைக்க அடுப்பு மூட்டவும் பயம். மூன்று நாள் காட்டு இலையால் மறைத்த தறப்பாள் கூரைக்குக் கீழே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நாலாம் நாள் காலையில் மடி பாரமாகிவிட்டது. இளையதம்பி தேன் வெட்டுகிற கத்தியாலும் கையாலும் தோண்டினான். ஆட்கள் நகரத் தொடங்கிவிட்டார்கள், நிற்க நேரமில்லை. மண்ணை மூடி, குழை வைத்து, சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அன்றைக்கு விழுந்த வளைவு அது. திரும்பி ஊருக்கு வந்தபிறகு எல்லாரும் அப்படியே நடந்தார்கள். பதினேழு வருடத்தில் அந்த வளைவு தேய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் கால் தானாகத் திரும்புகிற வழியாகிவிட்டது.

எல்லை நடந்த இரண்டாம் நாள் அவர்கள் இரட்டைக்கல்லுக்கு வந்தார்கள். அன்னப்பூரணி முன்னால், அவளுக்குப் பின்னால் றிஸ்னா, அதற்குப் பின்னால் உதயரூபனும் இன்னும் நாலு பேரும். கல்லைக் கடந்ததும் அன்னப்பூரணி கிளை ஒன்றை வளைத்துக் குழை முறித்தாள். வழியோரத்தில் வைத்தாள். வெளிப்பக்கம் ஓடையின் பள்ளம், ஒதுங்கமுடியாது. உள்பக்கமாகத் திரும்பி நடந்தாள். நெஞ்சில் மிசின் தொங்கியது. அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

"அக்கா, குளக்கட்டு நேரத்தானே இரிக்கி? ஏன் உள்ளுக்கு வளையிறீங்க?" என்று றிஸ்னா கேட்டாள்.

அன்னப்பூரணி நடந்துகொண்டே இருந்தாள். கேட்டவள் திரும்பிப் பார்த்தாள், பின்னால் வருகிற ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். றிஸ்னாவும் வாயை மூடிக்கொண்டாள். ஆட்கள் சொல்ல விரும்பாததைத் தோண்டக்கூடாது என்று படித்துவந்தவள் அவள். வளைவு முடிந்து குளக்கட்டில் ஏறியதும் மெதுவாக இன்னொரு தடவை கேட்டாள். "அது அப்பிடித்தான் தங்கச்சி" என்றாள் அன்னப்பூரணி. உதயரூபனுக்குக் காரணம் தெரியும். பிறகு சொல்லலாம் என்று நினைத்தான். அந்தப் பேச்சுக்கு ‘பிறகு’ என்று ஒரு நேரம் அந்த ஊரில் கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியும். ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையே கண்ணைக் கட்டிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

ஒரு மாதம் கழித்து வரைபடத்தை அச்சடித்துக்கொண்டு வந்து மண்டபச் சுவரில் விரித்தார்கள். களப்பு நீலம், காடு பச்சை, எல்லை கறுப்பு. ஆட்கள் தங்கள் தங்கள் வளவைத் தேடித் தேடிச் சுவரை மொய்த்தார்கள். அன்னப்பூரணி வீட்டைத் தேடவில்லை. கறுப்புக் கோட்டோடு விரலை இழுத்துக்கொண்டு போனாள். இரட்டைக்கல். அதற்குப் பிறகு கோடு உள்ளே மடிந்து, ஒரு சின்னக் குழி விழுந்து, திரும்ப வெளியே வந்து குளக்கட்டைப் பிடித்தது.

பிள்ளையின் போட்டோ ஒன்றுகூட அவர்களிடம் இருக்கவில்லை. ஓடிய ஓட்டத்தில் எல்லாம் போனது. பதினேழு வருடத்துக்குப் பிறகு பிள்ளையைப் படத்தில் பார்க்கிறாள். விரல் நுனி சரியாக அந்தக் குழிக்குள் அடங்கியது. எடுக்க மனம் வரவில்லை.

இளையதம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "பாருங்க" என்றாள். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"ஓம். வளைஞ்சிரிக்கி" என்றான். தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

வரைபடம் எங்களால் நடந்து எடுக்கப்பட்டது, இது எங்கள் எல்லை என்று கீழே எழுதியிருந்தது. முதல் கையெழுத்து அன்னப்பூரணியுடையது. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். அவ்வளவு சந்தோசமாக அவள் அதுவரை எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

காணி விசாரணை மூன்று தடவை தள்ளிப்போய், நாலாம் தடவை நடந்தது. கம்பனியின் ஆள் காட்டில் மனிதர் நடமாட்டமே இல்லை என்றான். உதயரூபன் வரைபடத்தை விரித்தான். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இவ்வளவு தெளிவான படத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. கோட்டுக்கு உள்ளே இருப்பதெல்லாம் விளாத்திக்குடா மக்களின் பாவனைக் காணி, கம்பனி கோட்டுக்கு வெளியே. ஊர் பொங்கல் பொங்கியது. மரத்தடியில் மடை வைத்து, பறையடித்து, உதயரூபனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். றிஸ்னா ஓட்டமாவடியிலிருந்து ஒரு பெட்டி நிறைய மஸ்கட் இனிப்புக் கொண்டுவந்தாள். அன்னப்பூரணி இரண்டு துண்டை இலையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டாள். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் அதைக் கொண்டுபோய்க் குழையோடு வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த கிழமை நில அளவை ஆட்கள் வந்து எல்லைக் கல் நட்டார்கள். அவர்கள் போன பிறகு அன்னப்பூரணி கிழங்குக்குப் போனவள் இரட்டைக்கல்லில் நின்றாள். வளைவு தொடங்குகிற இடத்தில் ஒரு சீமெந்துக் கல். வளைவு வழியே இன்னும் இரண்டு. சுற்றிப் போகிற வழியோடு ஒட்டி ஒட்டி நட்டிருந்தார்கள். பிள்ளை படுத்திருக்கிற இடத்து மரங்களில் சிவப்பு ரிபன் கட்டியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. படித்தவன் செய்கிற வேலையைப் பார் என்று நினைத்துக்கொண்டு, பாதி நிரம்பிய கூடையோடு, மருமகன் முறையான உதயரூபன் வீட்டுக்கு வந்தாள்.

"மருமகன், கல்லப் பிழையா நட்டுட்டுப் போயிட்டானுகள். என்ன பாத்து நட்டானுகளோ. ஒருக்காப் போன் எடுத்துச் சொல்லு."

உதயரூபன் வரைபடத்தின் பிரதியை எடுத்து விரித்தான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகம் போன போக்கைக் கண்டு அன்னப்பூரணி கூடையைக் கீழே வைத்தாள்.

"மாமி... பிழை இல்ல. நாம நடந்த கோட்டுலதான் நட்டிரிக்காங்க."

"அதத்தானே நானும் செல்லுறன். நான் சுத்தி நடந்தது உள்ளுக்க ஆள் இரிக்கி எண்டு காட்ட."

"அது நமக்குத்தான் மாமி தெரியும். கந்தோருக்கு, நாம சுத்தினா அத வெளிய விட்டுட்டம் எண்டுதான் தெரியும். முக்கால் ஏக்கர். நாமளா வேணாம் எண்டு விட்டதாப் போயிட்டுது."

"ஆரு வேணாமெண்டது?"

அவன் கண் படத்தின் கீழே போனது.

"ஆருடா வேணாமெண்டது?" என்று கத்தினாள். பதில் கடதாசியிலேயே இருந்தது. கீழே முதல் கையெழுத்து அவளுடையது. ஒவ்வொரு எழுத்தும் அழுத்தி எழுதியிருந்தது. காக்க வந்த சாமியே பெற்ற பிள்ளையைப் பலி கேட்ட கதையாக ஆகிவிட்டது. அவள் அப்படியே நிலத்தில் குந்தி, வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். தன் கையாலேயே பிள்ளையைக் கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அன்றைக்குக் காய்ச்சல் கொண்டு போனது, அதற்கு அவள் பொறுப்பில்லை. இதற்கு அவள்தான் பொறுப்பு.

றிஸ்னா அன்று பின்னேரமே வந்தாள். விசயத்தைக் கேட்டுவிட்டு வாசலில் நின்றபடியே அழுதாள்.

"நான் இன்னொருக்காக் கேட்டிருக்கணும் அக்கா. ஆக்கள் செல்ல விரும்பாதத வற்புறுத்திக் கேக்கப்படாது எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சது. அத நான் வேதமாப் பிடிச்சிட்டன்."

"நீ என்ன கா செய்வாய், தங்கச்சி" என்று அன்னப்பூரணி சொன்னாள். "கேட்டாலும் நான் செல்லியிரிக்க மாட்டன்."

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. எல்லையில் ஆட்சேபனை இருந்தால் பதினாலு நாளுக்குள் அறிவிக்கலாம். ஏழு நாள் போய்விட்டது. றிஸ்னா கந்தோரோடு பேசினாள். பேசிவிட்டு வந்து, தரையில் அன்னப்பூரணிக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்ல முடியாமல் சொன்னாள். அந்தத் துண்டு இவர்களுடையதுதான் என்றால், இரட்டைக்கல்லிலிருந்து குளக்கட்டுக்கு நேராக நடந்த கோடு வேண்டும். ஊர் ஆள்தான் நடக்கவேண்டும். அங்கே அடக்கம் செய்திருப்பது யார், பெயர் என்ன, எப்போது என்று உறவினர் வாயால் சொல்லி, எழுதி, கையெழுத்துப் போட்ட கடதாசியும் வேண்டும்.

"மிதிச்சுப் போகணுமா?" என்று கேட்டான், அதுவரை சுவரோரத்தில் இருந்த இளையதம்பி.

"ஓம் நாநா" என்றாள் றிஸ்னா, தன் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. "கோடு அதுக்கு மேலாலதான் போகுது."

"பேரையும் செல்லணும்."

"ஓம்."

இளையதம்பி எழும்பி நின்றான். "வேணாம்" என்றான். "காணி போனாப் போகட்டும். மிதிச்சாப் புள்ள எழும்பிப் போயிரும். போன பிறகு வெறும் மண்ண வெச்சு நான் என்னத்தச் செய்ய?"

"கம்பனிக்காரன் டோசரக் கொண்டாருவான்" என்றாள் அன்னப்பூரணி.

"கொண்டாரட்டும். அது அவன்ட பாவம். நம்மட காலால வேணாம்."

"இஞ்சருங்க." அன்னப்பூரணியின் குரல் இறங்கிப் போயிருந்தது. "டோசர் வந்தா அதுவும் மிதிக்கிறதுதான். சங்கிலியால மிதிக்கும். எலும்பையும் சேத்துக் கிளறும். என்னெண்டாலும் புள்ள எழும்பத்தான் போகுது. ஆரோ எழுப்புறத்துக்கு நான் எழுப்புறன். நான் எழுப்பினாப் பயப்படாது."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு களப்புப் பக்கம் போனான். மூன்று நாள் அவன் வீட்டில் சாப்பிடவில்லை.

உதயரூபன் தான் நடக்கிறேன் என்றான். வேண்டாம் என்றாள். மாமன் மச்சான்மார் கால் படுவதற்கு அவள் விடமாட்டாள். கடைசி நாளுக்கு முதல் நாள் காலையில் அவளும் றிஸ்னாவும் உதயரூபனும் மட்டும் போனார்கள். போகிற வழியில் யாரும் முற்றத்தில் நிற்கவில்லை. ஊர் முழுவதும் வீட்டுக்குள் இருந்தது. அன்றைக்கு ஒரு தோணியும் களப்பில் இறங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

இரட்டைக்கல்லில் றிஸ்னா மிசினைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். அன்னப்பூரணி செருப்பைக் கழற்றினாள். வழக்கத்துக்குக் கை கிளையைத் தேடிப் போனது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். மிதிக்கப் போகிறவளுக்குக் குழை எதற்கு.

நடந்தாள். பாதை உள்பக்கம் திரும்புகிற இடத்தில் வலது கால் தானாகத் திரும்பியது. நின்று, காலை இழுத்து நேரே வைத்தாள். அதற்கப்பால் பதினேழு வருடத்துச் சருகு. யாரும் மிதிக்காத சருகு, பஞ்சணை போலக் கால் புதைந்தது. பாலைக் கன்றுகளும் காரைப் பற்றையும் விலக்கி விலக்கி நடந்தாள். எந்த இடம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. காலுக்குத் தெரிந்தது. ஒரு இடத்தில் மண் சற்றுத் தாழ்ந்திருந்தது, இரண்டு முழ நீளம், அதற்குமேல் இல்லை. எவ்வளவு சின்னப் பிள்ளை. அவள் மனதுக்குள் பிள்ளை வளர்ந்துகொண்டே வந்திருந்தது. இப்போது இருபத்தொரு வயது, போன வருடம் கலியாணம் பேசிக்கூடப் பார்த்திருந்தாள். காலுக்குக் கீழே இருந்தது நாலு வயது.

"எழும்பு மகள்" என்றாள். "அம்மாதான். வெள்ளாப்பாகிட்டு, எழும்பு." பள்ளிக்கு எழுப்புகிற மாதிரித்தான் சொன்னாள். அந்தப் பிள்ளை ஒருநாளும் பள்ளிக்குப் போனதில்லை.

மிதித்தாள். கடந்தாள். குளக்கட்டு வரும்வரை நிற்கவில்லை. மிசின் ஒரு சின்னச் சத்தம் போட்டது. றிஸ்னாவும் உதயரூபனோடு, பின்னால் வராமல் வளைவைச் சுற்றி நடந்து வந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

குளக்கட்டில் வைத்தே கடதாசியை நிரப்பினார்கள். உதயரூபன் மடியில் பலகை வைத்து எழுதினான். இடம், திகதி, உறவு முறை எல்லாம் எழுதிவிட்டு, ஒரு கட்டத்தில் பேனையை நிறுத்தினான். அவனுக்கும் தெரியும். ஒன்றாக மண்ணில் விளையாடிய மச்சாள் அவள். அவனால் அதை எழுதமுடியவில்லை.

"மாமி, நீங்கதான் செல்லணும்."

அன்னப்பூரணி வாயைத் திறந்தாள். மூடினாள். றிஸ்னா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவள் குடிக்கவில்லை.

"நிரோஜினி" என்றாள். பிறகு நிறுத்தமுடியவில்லை. "நிரோஜினி. இளையதம்பி நிரோஜினி. நிரோ. நாங்க நிரோ எண்டு கூப்பிடுற. நிரோ, நிரோ, என்ட கிளி, நிரோ." பதினேழு வருடம் அடைத்து வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது. அந்தக் காடு முழுவதும் கேட்கச் சொல்லிச் சொல்லி அழுதாள். கட்டத்துக்குள் ஒரு தடவை எழுதினால் போதுமாயிருந்தது.

ஆட்சேபனை ஏற்கப்பட்டது. கந்தோரில் படத்தைத் திருத்தினார்கள், கல்லைப் பிடுங்கி நேராக நட்டார்கள். சிவப்பு ரிபன் போய்விட்டது. புதிய வரைபடம் மண்டபத்துக்கு வந்தது. கறுப்புக் கோடு இரட்டைக்கல்லிலிருந்து குளக்கட்டுக்கு அடிமட்டம் வைத்துக் கீறின மாதிரி நேராகப் போனது. முக்கால் ஏக்கரும் ஊருக்கு வந்துவிட்டது. அன்னப்பூரணி அந்தப் படத்துக்குக் கிட்டப் போகவில்லை. விரல் வைக்க அதில் இடம் இல்லை. பழைய படத்தைக் கேட்டுப் பார்த்தாள். பிழையான படத்தை வைத்திருக்கக்கூடாது என்று கந்தோர் திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டது.

தேன் காலம் வந்தது. இளையதம்பி கோபம் தணிந்திருந்தான், அல்லது களைத்துப் போயிருந்தான். இருவரும் காட்டுக்குப் புறப்பட்டார்கள். அவள் முன்னால், அவன் பத்துப் பாகத் தூரம் பின்னால், எப்போதும் போல. மழை பிந்தியதால் பூ குறைவு, தேனடைகளும் குறைவாகத்தான் இருக்கும் என்று பேசிக்கொண்டு போனாள். மூத்த மகள் வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுக்கவேண்டும் என்றாள். பேரப்பிள்ளைக்கு இருமல் என்றாள். பதில் வராதது அவளுக்குப் புதிதில்லை. பேசிக்கொண்டே நடந்தாள். குளக்கட்டில் ஏறிப் புகைக்குச் சருகு பொறுக்கக் குனிந்தபோதுதான் பின்னால் அவன் இல்லை என்று கண்டாள்.

அவன் உள்பக்கத்திலிருந்து வந்தான். பழைய வழியில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கல் மாற்றியபிறகு ஊர் ஆட்கள் நேர்வழியில் போகத் தொடங்கிவிட்டார்கள், அதில் அவர்கள் பிழை ஒன்றுமில்லை, எழும்பிப் போன இடத்தைச் சுற்றிப் போக ஒருவருக்கும் கடமையில்லை. அவனுடைய இடுப்புச் சாரம் முழுவதும் நாயுருவி ஒட்டியிருந்தது.

அன்னப்பூரணி தான் வந்த வழியைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். எங்கே கடந்தாள், எப்போது கடந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய கால் வளையவில்லை. பேரனின் இருமலைப் பற்றிப் பேசிக்கொண்டு, அந்த இடத்தை வெறும் நிலமாக நடந்து வந்திருக்கிறாள்.

"நேரா வந்திட்டாய்" என்றான் இளையதம்பி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

அவன் கையில் ஒரு பச்சைக் குழை இருந்தது. இரட்டைக்கல்லடியில் இரண்டு முறித்திருக்கிறான். ஒன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறான். மற்றது அவளுக்கு. அவன் அதை நீட்டினான். வாங்குவதற்கு அவளுக்குக் கை வரவில்லை.